சபலமும் சாபல்யமும்: சொல் விளக்கம்

‘சபலம்’ என்றதும் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது பெண்ணாசை, அடுத்தது பணத்தாசை. ‘சபலபுத்தி’, ‘சபலம் தட்டிவிட்டது’ எல்லாமே அந்தப் பக்கம் சாய்ந்தவை. கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையைத் தாண்டினால் இந்தச் சொல்லுக்கு அவ்வளவு கறை கிடையாது. மலையாளத்தில் ‘சபலன்’ என்றால் ஒன்றில் நிலைத்து நிற்காதவன். ‘பாலசாபல்யம்’ என்றால் சிறுபிள்ளைத்தனம். ஒரு பையனுக்குச் ‘சாபல்யம்’ உண்டு என்று பள்ளி ஆசிரியர் மலையாளத்தில் எழுதியதை எல்லைக்கு இப்பால் மார்த்தாண்டத்தில் இருப்பவர் ‘பையனிடம் சபலம் உண்டு’ என்று அப்படியே தமிழாக்கினால் துறுதுறுப்பு ஒழுக்கக்கேடாகிவிடும். அங்கே ‘விளையாட்டுப்புத்தி’ என்பதே சரி.

மூலம் வடமொழி ‘சபல’. அசைவது, நடுங்குவது, ஓரிடத்தில் நில்லாதது என்று பொருள். மின்னலுக்கும் திருமகளுக்கும் ‘சபலா’ என்று பெயர் உண்டு. இரண்டும் நில்லாமல் போகிறவை. மீனையும் பாதரசத்தையும்கூட இச்சொல் குறிக்கும். நில்லாத மனம் என்ற பொருளே தமிழில் மெல்ல மெல்ல ஆசைக்கு இடறும் மனம் என்று குறுகியது. தெலுங்கில் ‘சபலசித்தம்’ இன்றும் நிலையற்ற மனம்தான்.

இனி வருவதுதான் பெரிய சிக்கல். தமிழ் எழுத்தில் ‘சபலம்’ என்பது ஒரு சொல் அல்ல. ‘ஸ + பலன்’ என்று பிரியும் ‘ஸஃபலம்’ என்னும் வேறு வடசொல்லுக்குப் பயனோடு கூடியது, கைகூடியது என்று பொருள். மலையாள எழுத்தில் இரண்டும் ஒட்டவே ஒட்டாது. முதலாவது ‘பச்சை’யில் வரும் அழுத்தமான சகரத்தில் தொடங்கும், இரண்டாவது ஸகரத்தில் தொடங்கி, நடுவில் ‘ஃப’ ஒலிக்கும். தமிழிலோ சொல்லின் தொடக்கத்துச் சகரம் பெரும்பாலும் ஸகரமாகவே ஒலிக்கிறது. உயிர்களுக்கு நடுவே வரும் ஒற்றைப் பகரம் ‘கோபம்’ என்பதில் போல மெலிகிறது. எனவே எழுத்திலும் பேச்சிலும் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

சாபல்யத்தின் கதையும் இதுவே. திருவனந்தபுரம் பாளையத்தில் உள்ள ‘ஸாஃபல்யம்’ வணிக வளாகத்தின் பெயருக்கு நிறைவேற்றம் என்று பொருள். ‘பாலசாபல்யம்’ என்பதில் உள்ளது தடுமாற்றம். ‘ஜன்ம சாபல்யம் அடைந்தேன்’ என்று நாம் சொல்வது நிறைவேற்றம்.

பிரித்தறிய வினையைப் பாருங்கள். ‘முயற்சி சபலமாயிற்று’ என்றால் பலித்தது. ‘மனம் சபலப்பட்டது’ என்றால் தடுமாறியது. ஆனால் படிப்பவருக்கு இந்த வேலையை வைக்கவே கூடாது. முதல் பொருளுக்குக் ‘கைகூடியது’, ‘பலித்தது’ என்று எழுதிவிடலாம். ஜன்ம சாபல்யத்துக்குப் ‘பிறவிப்பயன்’ இருக்கிறது. அதைவிட அழகான சொல் வேண்டியதில்லை.

தடுமாற்றத்தைக் குறிக்கும் சபலத்துக்குச் ‘சஞ்சலம்’ என்பதையும் மாற்றாகப் போட முடியாது. கீதையின் 6ஆம் அத்தியாயம், 34ஆம் சுலோகத்தில் மனத்தைச் ‘சஞ்சலம்’ என்று அர்ச்சுனன் சொல்வது அலைபாய்வதைத்தான். தமிழில் அது கவலையாக மாறிவிட்டது.

தமிழ்ச்சொல் தேடுகிறவர்கள் பலரும் ‘நிலையாமை’யில் போய் நிற்கிறார்கள். அது பொருந்தாது. குறளின் 34ஆம் அதிகாரத் தலைப்பான அச்சொல் உடலும் செல்வமும் அழிவதைச் சொல்வது. குணத்துக்கு ‘நிலையின்மை’ என்று எழுதலாம். பேச்சில் ‘நேரத்துக்கொரு குணம்’ போதும். முடிவெடுக்க முடியாமல் தவிப்பது ‘ஊசலாட்டம்’. ஆசையில் இடறுவது ‘மனத்தடுமாற்றம்’. கிடைக்காது என்று தெரிந்தும் விடாதது ‘நப்பாசை’.

வினையாக வேண்டுமென்றால் ‘திரிதல்’ இருக்கிறது. ‘நிலையின் திரியாது அடங்கியான்’ என்கிறது 124ஆம் குறள். பால் திரிந்தது என்று அடுக்களையில் சொல்வதும் இதே வினைதான். ‘மனம் திரிந்தது’ என்றால் இருந்த நிலையிலிருந்து மாறிவிட்டது என்பது யாருக்கும் விளங்கும். எதன்மேல் ஆசை என்ற சந்தேகம் எழாது.