பிளாஸ்ரர் போட்ட பிறகு நோ கூடினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்

"மிஸ்ஸி, இரவிரவாப் பிள்ளை நித்திரை கொள்ளேல்ல. பனடோல் ரெண்டு தரம் குடுத்துப் பாத்திட்டன்."

ஒன்பது வயதுப் பெடியனைத் தோளில் சாய்த்தபடி அந்தத் தாய் எங்கள் பிளாஸ்ரர் அறை வாசலில் வந்து நின்றபோது காலை எட்டு மணி இருக்கும். முதல்நாள் பின்னேரம் கொய்யா மரத்தால் விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே முறிவு. வேறோர் இடத்தில் பிளாஸ்ரர் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். விரல்கள் வீங்கியிருந்தன, நிறம் அப்படியொன்றும் மோசமில்லை. நடுவிரலை மட்டும் மெல்லப் பிடித்து நிமிர்த்தினேன். பெடியன் போட்ட கத்தலில் வரிசையில் இருந்தவர்கள் எழும்பி வந்து எட்டிப் பார்த்தார்கள். விரலில் நோ இல்லை. முன்னங்கைச் சதைக்குள் நோ.

டொக்டர் அந்த இடத்திலேயே பிளாஸ்ரரைப் பிளந்துவிட்டு, தாமதிக்காமல் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோனார். கை தப்பியது. ஆனால் விரல்கள் இன்றைக்கும் முழுதாக நிமிர்வதில்லை. பேனை பிடிக்கிறான். பந்தை இறுக்கிப் பிடிக்க ஏலாது.

ஏன் அம்மா இரவே வரவில்லை என்று கேட்டேன். "முறிஞ்சா நோகுந்தானே எண்டு நினைச்சன் மிஸ்ஸி. கழட்டச் சொன்னா எலும்பு விலகியிடும் எண்டும் பயம்." இரவு முழுக்கப் பிள்ளைக்குப் பக்கத்தில் விழித்திருந்த தாய் அவர். அக்கறையில் ஒரு குறையும் இல்லை. இதை ஒருவரும் அவருக்குச் சொல்லிவிடவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் எழுதுகிறேன்.

முறிந்த எலும்பை ஆடாமல் அசையாமல் பிடித்து வைப்பதுதான் பிளாஸ்ரரின் வேலை. ஆட்டம் நின்றால் நோ குறைய வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் உளைவு இருக்கும், மருந்து குடித்தால் தணியும், நாளுக்கு நாள் குறையும். மருந்து குடித்தும் தணியாமல் மணிக்கு மணி கூடிக்கொண்டு போகிற நோ வேறு சாதி. முறிந்த இடத்தைச் சுற்றியுள்ள சதை முதல் 48–72 மணித்தியாலம்வரை வீங்கும். வெளியே கல்லுப் போல ஒரு கூடு இருந்தால் வீக்கம் எங்கே போகும்? உள்ளே அமுக்கம் ஏறி, சதைக்குப் போகும் இரத்தத்தை நிறுத்திவிடும். ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் இரத்தம் கிடைக்காத சதை பிறகு முழுதாகத் திரும்பி வராது. அது சுருங்கி விரல்களை வளைத்து இழுத்து வைத்துவிடும். 1881இலேயே ரிச்சார்ட் வொன் வோல்க்மன் என்ற ஜேர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் இதை விவரித்து, இறுக்கமான கட்டைக் காரணமாகக் காட்டி எழுதினார்.

வீட்டில் எப்படிப் பார்ப்பது? விரல்களை நோயாளி தானாக மடக்கி நீட்ட வேண்டும். பிறகு நீங்கள் ஒரு விரலை மெல்ல நிமிர்த்திப் பாருங்கள். உயிர் போகிற மாதிரி நொந்தால் வேறு அடையாளம் தேட வேண்டாம், வெளிக்கிடுங்கள். நகத்தை அமத்தி விட்டால் இரண்டு செக்கனுக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். வெளிறிக் கிடந்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, மற்றக் கையைவிடக் குளிர்ந்திருந்தாலோ, விறைத்து ஊசி குத்துவது போலிருந்தாலோ ஆபத்து. ஆனால் நிறம் நன்றாக இருக்கிறது என்று ஆறுதல் அடையவும் வேண்டாம். அந்தப் பெடியனின் விரல்களும் நிறமாகத்தான் இருந்தன. பேசத் தெரியாத குழந்தை என்றால், ஓயாத அழுகைதான் அடையாளம்.

அப்போது எங்கே போவது? போட்ட இடத்துக்கே போக வேண்டும் என்று சட்டம் இல்லை. பக்கத்தில் டொக்டர் நிற்கிற எந்த அரச வைத்தியசாலைக்கும் போங்கள். பிளாஸ்ரரைப் பிளந்து தளர்த்த அங்கேயும் முடியும். வாகனம் இல்லையென்றால் 1990க்கு எடுங்கள், அம்புலன்சுக்குக் காசு இல்லை. எலும்பு கொஞ்சம் விலகினால் திரும்ப நேராக்கலாம். செத்த சதையை ஒருவராலும் திருப்பித் தர ஏலாது. நெடுந்தீவுக்குத் திரும்பிப் போகிறவர்களிடம் நான் தனியாக ஒன்று கேட்பேன்: குறிகட்டுவானில் இருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் போகிறவர்கள் நீங்கள், முதல் இரண்டு இரவும் யாழ்ப்பாணத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்க முடியுமா? முடிந்தவர்கள் தங்கி விடுங்கள்.

வீக்கம் குறைய, அந்த நாட்களில் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். படுக்கும்போது இரண்டு தலையணை. காலென்றால், கதிரையில் இருந்துகொண்டு ஸ்டூலில் வைப்பது போதாது. படுத்து, காலுக்குக் கீழே தலையணை அடுக்க வேண்டும். விரல்களை மணிக்கொரு தரமாவது அசையுங்கள். மோதிரம், காப்பு, மெட்டி எல்லாம் பிளாஸ்ரர் போடமுதலே கழற்றப்பட வேண்டும். ஆனால் மேலே சொன்ன ஆபத்து அடையாளம் கண்டுவிட்டால், வைத்தியசாலைக்கு வரும் வழியில் கையை உயரத் தூக்க வேண்டாம், நெஞ்சு மட்டத்தில் பிடியுங்கள். உயரத் தூக்கினால் இரத்தம் போவது இன்னும் குறையும்.

சில நேரம் முதல்நாள் அரைப் பிளாஸ்ரர்தான் போடுவோம்: ஒரு பக்கம் மட்டும் பிளாஸ்ரர், மற்றப் பக்கம் பஞ்சும் பண்டேஜும். "அரைகுறையா விட்டிட்டினம்" என்று மனம் நோகிறவர்கள் உண்டு. வீக்கத்துக்கு வழி விடத்தான் அப்படிச் செய்கிறோம். வீக்கம் இறங்கிய பிறகு முழுதாகப் போடுவோம்.

வெள்ளைப் பிளாஸ்ரர் சில நிமிடத்தில் இறுகிவிடும். ஆனால் உள்ளே ஈரம் காய ஒரு நாள் முதல் மூன்று நாள் செல்லும், மாரியில் இன்னும் சுணங்கும். அதற்குள் சீமெந்து நிலத்தில் வைத்தால், விரல் நுனியால் பிடித்துத் தூக்கினால், அந்தப் பள்ளம் உள்பக்கமாகத் தோலை அமுக்கிப் புண்ணாக்கும். உள்ளங்கையால் தாங்கித் தூக்குங்கள். தலையணை மேல் வையுங்கள். அடுப்படியில் பிடித்துக் காய வைக்க வேண்டாம்.

கிணற்றடிதான் எங்கள் ஊரில் பெரிய எதிரி. சொப்பிங் பை ஒன்றைச் சுற்றிக் கட்டிவிட்டு வழக்கம் போல வாளியால் அள்ளி வார்க்கிறார்கள். தண்ணீர் எப்படியோ உள்ளே போய்விடும். பஞ்சு நனைந்தால் வெயிலில் நின்றாலும் காயாது. தோல் ஊறி வெளிறி உரிந்துவிடும். பாசி பிடித்த கிணற்றடியில் ஊன்றுகோலோடு வழுக்கி, மற்றக் கையையும் முறித்துக்கொண்டு வந்த ஒரு ஐயாவையும் பார்த்திருக்கிறேன். பிளாஸ்ரர் இருக்கும் வரை கதிரையில் இருந்து ஈரத் துணியால் துடையுங்கள். நனைந்து மெதுமையாகிவிட்டால் திரும்பி வாருங்கள், நாங்கள் ஏச மாட்டோம்.

கடிக்கும். எங்கள் சித்திரை வெயிலில் நன்றாகவே கடிக்கும். ஈர்க்கு, குடைக்கம்பி, பின்னல் ஊசி எல்லாம் உள்ளே போய்வந்த கதையைப் பிளாஸ்ரர் வெட்டும்போது தோல் சொல்லும். ஒருமுறை ஒரு சின்னப் பிள்ளையின் கைப் பிளாஸ்ரரை வெட்டினேன். உள்ளே இருந்து கச்சான் கோதும் ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றும் விழுந்தன. நல்லூர்த் திருவிழாவில் தவறவிட்டதாம். குற்றி இருந்த இடத்தில் அதே அளவில் வட்டமாக ஒரு புண். "நோகேல்லையோ அப்பன்?" என்றேன். "அம்மா அடிப்பா எண்டு சொல்லேல்ல" என்றான். ஓரிடத்தில் மட்டும் எரிவு, கெட்ட மணம், காய்ச்சல், பிளாஸ்ரரில் ஊறல் கறை, இவற்றில் எது வந்தாலும் உள்ளே பார்க்க வேண்டும். கடிக்கு வெளியில் இருந்து தட்டுங்கள், மின்விசிறிக் காற்றில் பிடியுங்கள். எண்ணெயும் பவுடரும் உள்ளே ஊற்ற வேண்டாம். சலரோகம் உள்ளவர்களுக்குப் புண் வந்தாலும் நோகாமல் போகலாம், அவர்களை வீட்டார்தான் நாள்தோறும் பார்க்க வேண்டும்.

கால் பிளாஸ்ரரோடு கெண்டைக்கால் இறுகி நொந்தாலோ, திடீரென்று மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருந்தாலோ நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. நாளத்தில் இரத்தம் கட்டியிருக்கக்கூடும்.

இன்னொரு விடயம், மெல்லச் சொல்கிறேன். இடையில் பிளாஸ்ரரைக் கழற்றிவிட்டு நாட்டு வைத்தியரிடம் புக்கை கட்டப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த நம்பிக்கையை நான் பழிக்கவில்லை; என் அப்பாச்சிக்கும் அப்படித்தான் கட்டினார்கள். ஆனால் பாதி பொருந்திய எலும்பைத் தாங்கல் இல்லாமல் விட்டால் அது கோணலாகப் பொருந்தும். வீங்கிய கையில் எந்தக் கட்டு இறுகினாலும் ஆபத்து ஒன்றுதான். போனால் மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள். பத்தியம் என்று முட்டையையும் மீனையும் நிறுத்தவும் வேண்டாம். எலும்பு வளர அவை வேண்டும். சுருட்டையும் சிகரெட்டையும் நிறுத்துங்கள்.

கிளினிக் நாளைத் தவற விடாதீர்கள். வீக்கம் வற்றினால் பிளாஸ்ரர் தளரும், எலும்பு உள்ளே சத்தமில்லாமல் விலகும். முதல் இரண்டு கிழமைக்குள் எக்ஸ்ரேயில் கண்டால் திருத்துவது சுலபம்.

இரவில் வைத்தியசாலை வாசலில் பதற்றத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்பவர்களுக்காக, இந்த வசனத்தை இப்போதே கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்: "பிளாஸ்ரர் போட்டது. மருந்து குடிச்சும் நோ கூடிக்கொண்டு போகுது. விரலை நிமித்த விடுறாரில்லை."