மஞ்சக் கடுதாசியும் மச்சான் பேருக்குப் போன மனையும்

போன வாரம் ஆம்பூரிலிருந்து ஒருவர் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும், திவால் வழக்குகளைக் கவனிக்கும் எங்கள் ஆபீசுக்கு வந்தார். ஷூவின் மேல்பாகம் (அப்பர்) தைத்துக் கொடுக்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி, நான்கு மாதமாகப் பேங்க் தவணை கட்டவில்லை. உட்கார்ந்ததும் கேட்டார்: "சார், மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டா எல்லாம் முடிஞ்சிடும்ல?" இந்தக் கேள்வியோடு இவர் எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

முடியாதுங்க. நம்ம பக்கம் மஞ்சக் கடுதாசி, 'ஐ.பி. கொடுத்துட்டான்' என்பார்களே, அது தனி ஆள் கோர்ட்டில் போடும் திவால் மனு, 1920-ஆம் வருடத்துச் சட்டம். அதிலும் மனு போட்ட அன்றே கடன் கரைந்துவிடாது, இருக்கிற சொத்தை எடுத்துக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கத்தான் அந்தச் சட்டமே. கம்பெனிக்கு அது பொருந்தவும் பொருந்தாது. கம்பெனி என்றால் 2016-இல் வந்த திவால் சட்டம், சென்னையில் இருக்கும் என்.சி.எல்.டி. என்கிற கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம். அந்தச் சட்டத்தில் இன்சால்வன்சி புரொபஷனல், அதாவது திவால் வழக்கை நடத்திக் கொடுக்கும் எங்களுக்கே சுருக்கப் பெயர் ஐ.பி.தான், கல்யாண வீட்டில் யாராவது தொழில் என்ன என்று கேட்டால் சொல்லவே யோசனையாக இருக்கிறது.

"கடன் வாங்கினது கம்பெனிதானே, வீட்டைத் தொட மாட்டாங்கல்ல?" என்றார் அடுத்து. பேங்கில் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டீர்களே, அதில் ஒன்று பர்சனல் கேரண்டி, கம்பெனி கட்டாவிட்டால் நானே கட்டுகிறேன் என்கிற உறுதி. 2019 டிசம்பர் 1 முதல் கேரண்டி கொடுத்தவரையும் அதே சட்டத்தில் இழுக்கலாம், கம்பெனிக்கு மீட்புத் திட்டம் தேறிவிட்டாலும் அதனாலேயே கேரண்டி போய்விடாது என்று 2021 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

அப்புறம் மெதுவாக மச்சான் கதை வந்தது. அவரிடம் வாங்கிய கைமாற்றை முதலில் தீர்த்துவிட்டாராம், கம்பெனி பேரில் இருந்த மனையையும் அடிமாட்டு விலைக்கு அவருக்கே எழுதிக் கொடுத்தாராம், அதுவும் தவணை நின்ற பிறகு. எனக்குக் கோபம்தான் வந்தது. சொந்தக்காரர் என்றால் கம்பெனி மேல் திவால் வழக்கு எடுக்கப்பட்ட நாளிலிருந்து 2 வருடம் பின்னால் போய்த் தோண்டுவோம், வெளியாள் என்றால் 1 வருடம். வில்லங்கச் சான்று, பேங்க் ஸ்டேட்மென்ட், இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே பாதி தெரிந்துவிடும். கணக்கில் பழைய தேதி போட்டுச் சரிக்கட்டலாம் என்று ஐடியா கொடுத்தவர் யாரோ, 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிக் கணக்கு மென்பொருளில் திருத்தம் ஒவ்வொன்றும் தேதியோடு பதிவாக வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது போல.

ஆகவே, எதையும் யார் பேருக்கும் மாற்றாதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். பேங்க் நோட்டீஸைப் பிரிக்காமல் பீரோவில் வைக்காதீர்கள். தவணை நின்று 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன், அதற்கு முன்னால் என்றால் சிறுதொழில்காரர் தாமே பேங்கில் சீரமைப்புக் கேட்க வழி இருக்கிறது, 25 கோடி ரூபாய்க் கடன் வரைக்கும். தயவுசெய்து முதல் தவணை தவறும்போதே வாருங்கள், கேரண்டி நகலும் மூன்று வருட ஸ்டேட்மென்டும் கையோடு. மச்சானைக் கூட்டிவர வேண்டாம், தேவைப்பட்டால் அவருக்குத் தனியாக நோட்டீஸ் போகும்.