வாடகை கட்டினால் மட்டும் போதாது, தம்பி

இந்த வரி சீசனிலும் அதே கதை. டாலஸில் ஐடி வேலையில் இருக்கும் ஒரு தம்பி, வரிக் கணக்கைத் தானே ஆன்லைனில் போட்டு அனுப்பிவிட்டு, அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் கடிதம் வந்தபிறகு என்னிடம் ஓடி வருகிறார். கூட வாழும் காதலியை டிபெண்டென்டாக, அதாவது தன்னைச் சார்ந்து வாழ்பவராகக் காட்டியிருக்கிறார். போதாததற்கு ஃபைலிங் ஸ்டேட்டஸ், அதாவது கணக்குப் போடும் பிரிவு, 'ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட்' (குடும்பத் தலைவர்). "வாடகை, கரன்ட், மளிகை எல்லாம் நான்தானே அண்ணா கட்டுறேன்?"

கட்டுங்கள், நல்லது. ஆனால் அந்த ஸ்டேட்டஸுக்குப் பிள்ளை, அப்பா, அம்மா என்று சட்டம் ஏற்கும் உறவு ஒருவர் வேண்டும். கூட வாழ்வதால் மட்டும் டிபெண்டென்ட் ஆனவர் அதில் சேரவே மாட்டார். முழு வாடகையும் உங்களுடையது என்றாலும் சரி, பத்து வருஷம் சேர்ந்திருந்தாலும் சரி, நீங்கள் சிங்கிள்தான். 2025-க்கு வரி போடுமுன் வருமானத்தில் கழிக்கும் தொகையான, சிங்கிளின் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 15,750 டாலர், ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டுக்கு 23,625. இதைப் பார்த்ததும் கை துறுதுறுக்கிறது. துணைக்காக நியாயமாகக் கிடைப்பது அதிகபட்சம் 500 டாலர் கிரெடிட், அதாவது வரியிலேயே நேரடிக் கழிவு.

அதுவும் சும்மா வராது. ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை ஒரே வீட்டில் இருந்திருக்க வேண்டும். பிப்ரவரியில் குடிவந்தவர் அந்த வருஷக் கணக்கில் இல்லை. அவர் செலவில் பாதிக்கு மேல் உங்கள் பணமாக இருக்க வேண்டும். 2025-இல் அவர் வருமானம் 5,200 டாலரைத் தொடக் கூடாது. உணவு டெலிவரி செய்கிறவர்கள் "செலவு போக ஒண்ணும் நிக்கல" என்பார்கள். மைலேஜை, அதாவது வண்டி ஓட்டிய செலவைக் கழிப்பதற்கு முந்தைய தொகைதான் கணக்கு.

தம்பியின் காதலி எஃப்-1 (மாணவர் விசா) மாணவி, வந்து இரண்டு வருஷம். பொதுவாக முதல் ஐந்து காலண்டர் வருஷங்களுக்கு எஃப்-1 மாணவர்கள் வரிக்கு நான்-ரெசிடென்ட், அதாவது அமெரிக்காவில் வசிப்பவராகக் கருதப்படாதவர்கள். ஆக, டிபெண்டென்ட் என்ற பேச்சே இல்லை. நம் பிள்ளைகள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

டெக்சாஸ், கொலராடோக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே லைசென்ஸ், சடங்கு இல்லாமலே சட்டம் ஏற்கும் திருமணம் உண்டு. கணவன் மனைவி என்று இருவரும் ஒப்புக்கொண்டு, ஊராரிடமும் அப்படியே சொல்லிக்கொண்டு குடித்தனம் நடத்திவிட்டு, வரியில் மட்டும் டிபெண்டென்ட் என்று எழுதாதீர்கள். மனைவியை டிபெண்டென்டாகக் காட்டவே முடியாது.

சேர்ந்து வாழ்ந்ததற்கு ஆதாரமாக லீஸில் (வாடகை ஒப்பந்தத்தில்) இருவர் பெயரையும் போடுங்கள், பேங்க் ஸ்டேட்மென்ட்களைப் பத்திரப்படுத்துங்கள். ஏற்கெனவே தப்பாகப் போட்டவர்கள் தயவுசெய்து கடிதம் வருவதற்குள் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போட்டுத் திருத்திவிடுங்கள். அப்புறம் என்றால் பாக்கி வரி, வட்டி போக 20 சதவீத அபராதமும் சேரலாம்.