தலையிடி என்று வருபவரிடம் இன்னும் ரெண்டு கேள்வி கேளுங்கள்

இலங்கையின் வடக்கே வன்னியில் மனநலக் கிளினிக் செய்யும் எங்களிடம் "மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் குறைவு. தலையிடி, நெஞ்சு படபடப்பு, கைகால் விறைப்பு, நித்திரை இல்லை, இப்படித்தான் வருவார்கள், அதுவும் ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்து "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்ற பதிலையும் வாங்கிக்கொண்டு. அந்த நோவு பொய் இல்லை. 2009 மே மாதம் சண்டை முடிந்தது, ஆனால் அதற்குப் பிறகு நடந்தவைதான் பலரை இன்றைக்கும் நித்திரைகொள்ள விடாமல் வைத்திருக்கின்றன.

கணவர் காணாமல் போன பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். பொட்டு வைத்தால் ஊர் பார்க்கிறது. வைக்காவிட்டால், "என்ரை பிள்ளை செத்திட்டான் எண்டு நீயே முடிவெடுத்திட்டியோ" என்று மாமி அழுகிறார். அந்தியேட்டி செய்யத் திகதி இல்லை, திவசம் இல்லை, அழுது முடிக்க ஒரு நாள் இல்லை. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்று உறுதிசெய்யும் சான்றிதழ் எடுக்க 2016இல் சட்டம் வந்தது. காணி, பாங்க் அலுவல்களுக்கு அது உதவும், சரி, ஆனால் அவர் எங்கே என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கிய, காணாமல் போனவர்களின் தாய்மார் கேட்பது அந்தப் பதிலைத்தான். ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு அவர்கள் சேர்ந்து இருப்பதில் கிடைக்கும் ஆறுதலை என் மாத்திரை தராது.

அப்புறம் கடன். இதை மனநலப் பிரச்சினையாகவே யாரும் பார்ப்பதில்லை. பெண்கள் குழுவாகச் சேர்ந்து சிறு தொகை எடுக்கும் நுண்கடனில், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். போரிலும் முகாமிலும் ஒரே பானையில் கஞ்சி குடித்த அயலட்டைப் பெண்கள், கிழமைக் காசு கட்டும் நாளில் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ஏசுப்படுகிறார்கள். போர்க் காலத்தில் மனசைக் காப்பாற்றியதே அந்த அயல்தான், அதைத்தான் கடன் முறிக்கிறது.

மனநல வைத்தியரான பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் நெடுங்காலமாகச் சொல்வதும் இதைத்தான், காயம்பட்டது தனி ஆள் மட்டும் இல்லை, சமூகமே. ஆகவே வைத்தியமும் கிளினிக் அறைக்குள் முடியாது. கிராம சேவகர், ஆசிரியர், மாதர் சங்கத்தினர் எல்லோருக்கும் இதில் வேலை இருக்கிறது: தலையிடி ஓயாதவரிடம் வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்குக் காசு கட்ட வேண்டும் என்று கேளுங்கள். சாக வேண்டும்போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் தனியே விடாதீர்கள், கூட்டிக்கொண்டு வாருங்கள். வர முடியாவிட்டால் 1926க்கு அழைக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது.