உறைந்து நிற்கும் கணினியை உடனே அணைக்காதீர்கள்

தைப்பூசத்திற்கு முந்தைய வாரம், ஜார்ஜ் டவுனில் உள்ள ஒரு சிறிய அச்சகத்தில் மாலை இடிமழையோடு மின்சாரமும் போனது. கோவில் அழைப்பிதழ் தயாராகிக்கொண்டிருந்த மடிக்கணினி மின்கலத்தில் ஓடியது. ஆனால் கோப்புகளை என்எஃப்எஸ் (ஒரு கணினியின் கோப்புறையை வலையமைப்பு வழியே மற்றவை பயன்படுத்தும் முறை) வழியாகப் பகிர்ந்துவந்த லினக்ஸ் செர்வர் அணைந்துவிட்டது. சேமிக்கும் பொத்தானை அழுத்திய நொடியில் திரை உறைந்தது. "தம்பி, பவரை அமுக்கி மறுபடியும் போடட்டுமா?" என்று உரிமையாளர் தொலைபேசியில் கேட்டார். "வேண்டாம் அண்ணா, செர்வர் எழும்வரை அப்படியே விடுங்கள்" என்றேன்.

லினக்ஸில் என்எஃப்எஸ் கோப்புறையைத் தனி விருப்பம் எதுவும் தராமல் மவுண்ட் செய்தால், அதாவது கணினியோடு இணைத்தால், அது 'ஹார்ட்' முறையில் அமையும். செர்வர் பதில் தராதவரை கணினி தன் கோரிக்கையை விடாமல் அனுப்பிக்கொண்டே காத்திருக்கும். 'நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் டிரையிங்' என்று கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பதிவில் வரும் செய்தியின் பொருள் அதுதான். இந்தக் காத்திருப்பைத் தாங்காமல் சிலர் 'சாஃப்ட்' முறைக்கு மாறுகிறார்கள். அதில் குறித்த எண்ணிக்கையில் முயன்றபின் பிழை திரும்பும். அந்தப் பிழையைக் கவனிக்காத மென்பொருள், பாதி எழுதிய கோப்பை முழுக் கோப்பாக எண்ணி நகர்ந்துவிடும். எழுதும் வேலை நடக்கும் கோப்புறைக்கு இதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

செர்வர் எழுந்ததும் உறைநிலை விலகி, 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' என்ற பிழை வந்தது. கிளையன்ட், அதாவது மடிக்கணினி, வைத்திருந்த கோப்பு அடையாளத்தைச் செர்வரால் இப்போது இனம்காண முடியவில்லை என்பதே இதன் பொருள். அழைப்பிதழ் இன்னும் நினைவகத்தில் திறந்திருந்ததால், முதலில் அதை மடிக்கணினியின் சொந்த வட்டில் சேமிக்கச் சொன்னேன். அணைத்திருந்தால் அன்றைய உழைப்பு முழுவதும் போயிருக்கும்.

பிறகு கோப்புறையை விடுவித்து மீண்டும் மவுண்ட் செய்தபோது, அது காலியாக இருந்தது. உரிமையாளர் பதறிப்போனார். கோப்புகள் எதுவும் அழியவில்லை. செர்வரின் தரவு வட்டு மின்தடைக்குப் பின் மவுண்ட் ஆகாததால், அந்த வட்டு வந்து அமரவேண்டிய வெற்றுக் கோப்புறையையே செர்வர் பகிர்ந்துகொண்டிருந்தது. நான் மிகவும் அஞ்சும் நிலை இதுதான். காலியாக இருக்கிறதே என்று யாராவது புதிய கோப்புகளை அதில் போட்டால், வட்டு திரும்பி மவுண்ட் ஆனதும் அவை அதன் அடியில் மறைந்துவிடும். ஆகவே எல்லோரும் கையை எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டு, வட்டைச் சரிபார்த்து மவுண்ட் செய்து, செர்வர் பகிரும் கோப்புறைகளைக் குறிக்கும் எக்ஸ்போர்ட் பட்டியலில் 'மவுண்ட்பாயிண்ட்' விருப்பத்தையும் சேர்த்தேன். வட்டு மவுண்ட் ஆகியிருந்தால் மட்டுமே கோப்புறை பகிரப்படவேண்டும் என்று செர்வருக்குக் கட்டளையிடுவது அந்த ஒரு சொல்தான்.

கோப்புறை மவுண்டே ஆகாத கணினியில், செர்வரை எட்ட முடிகிறதா என்று பார்க்கும் 'பிங்' கட்டளைக்குப் பதில் வருகிறது என்பதோடு திருப்தியடைய வேண்டாம். செர்வரில் 2049ஆம் போர்ட் (வலையமைப்பு இணைப்புக்கான எண்ணிட்ட வாசல்) திறந்திருக்கிறதா என்று பாருங்கள். என்எஃப்எஸ் நான்காம் பதிப்புக்கு அது ஒன்றே போதும். மூன்றாம் பதிப்புக்கு 111ஆம் போர்ட்டும் மவுண்ட் சேவையின் போர்ட்டும் வேண்டும். அதனால் நான்காம் பதிப்பை மட்டும் தரும் செர்வரிடம், மவுண்ட் சேவையைக் கேட்டுப் பகிர்வுகளைப் பட்டியலிடும் 'ஷோமவுண்ட்' கட்டளை தோற்றாலும் மவுண்ட் நன்றாகவே நடக்கலாம்.

அனுமதி மறுக்கப்பட்டால் பயனர் எண்ணை (ஒவ்வொரு பயனருக்கும் கணினி தரும் எண்) பாருங்கள். வழக்கமான அமைப்பில் செர்வர் பெயரை நம்பாமல் எண்ணையே நம்புகிறது. இரு கணினிகளிலும் ஒரே பெயர் இருந்தும், ஒன்றில் 1000, மற்றதில் 1001 என்றிருந்தால் கதவு திறக்காது.

அழைப்பிதழ் அன்றிரவே அச்சுக்குப் போனது.