ஆட்சிக்குறி: ‘அரச முத்திரை’ அல்ல

சீனப் பீங்கானின் அடியில் நீலத்தில் எழுதியிருக்கும் நான்கு அல்லது ஆறு எழுத்துகளுக்கு ‘அரச முத்திரை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஏலச் செய்தி வந்தாலே ‘பேரரசர் சியான்லொங்கின் முத்திரை பதித்த குவளை’ என்ற வரியும் வந்துவிடுகிறது. பிழை. ஆட்சிக்குறி என்பதே சரி.

சீனத்தில் இது நியான்குவான். நியான் என்றால் ஆண்டு, குவான் என்றால் பொருளின் மேல் இடும் எழுத்து. ‘தா சிங் சியான்லொங் நியான் ஜி’ என்பது ‘மாபெரும் சிங் மரபின் சியான்லொங் ஆண்டுகளில் செய்தது’ என்று பொருள்படும்.

முத்திரை குத்துவது, இந்தக் குறியோ பெரும்பாலும் தூரிகையால் எழுதியது. சுடாத பாண்டத்தில் கோபால்ட் நீலத்தால் எழுதி, மேலே மெருகு பூசி, ஏறத்தாழ 1300 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள். சியான்லொங் காலத்துக் குறிகள் பல, ‘முத்திரை எழுத்து’ எனப்படும் பழைய சீன எழுத்து வடிவில் இருப்பதுதான் குழப்பத்துக்கு வித்து. ஈரக் களிமண்ணில் அழுத்திய குறிகளும் உண்டு. ஆனால் அவற்றை இட்டதும் சூளைப் பட்டறைதான், அரசர் அல்ல. அவர் முத்திரைகள் சிவப்பு நிறத்தில் குத்தப்பட்டது அவருடைய ஓவியத் தொகுப்பில். அங்கே ‘முத்திரை’ என்ற சொல் கட்டாயம் வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லைச் செலவழித்தால் எதை வைத்துப் பிரிப்பது?

‘முத்திரை’ வடசொல் என்பதால் நான் மறுக்கவில்லை. தமிழ்க் காதில் அது உத்தரவாதமாக ஒலிக்கிறது. நகையில் ஹால்மார்க் முத்திரை இருந்தால் தரம் உறுதி என்கிறோம். ஆட்சிக்குறி எதையும் உறுதி செய்வதில்லை. 1677-இல் சீனத்தின் பீங்கான் நகரான ஜிங்தேஜென் வட்டாரத்தில், அப்போதைய ஆட்சிப்பெயரான ‘காங்சி’யைப் பீங்கானில் எழுதத் தடை வந்தது. குயவர்கள் வெறும் இரட்டை வட்டம் வரைந்தார்கள், இலை வரைந்தார்கள், அல்லது பழைய மிங் மரபின் செங்ஹுவா ஆட்சிக்காலக் குறியை எழுதினார்கள். முன்னோரின் வேலைக்குச் செய்த மரியாதையாகவும் அப்படி எழுதுவது உண்டு. இதை அறியாமல் ‘போலி’ என்று முடிவு கட்டுவதும் தவறு. குறியோடு களிமண்ணையும் மெருகையும் அடிவளையத்தையும் பார்த்தே காலம் சொல்ல வேண்டும்.

‘கையொப்பம்’ என்பது இன்னும் மோசம். சியான்லொங் ஆளின் பெயரே அல்ல. 1736 முதல் 1795 வரையிலான ஆட்சிக்காலத்தின் பெயர். அரசரின் பெயர் ஹொங்லி. தன் பெயரே இல்லாத ஒன்றில் அவர் எப்படிக் கையொப்பமிடுவார்? ஆட்சியைக் கொண்டு காலத்தைச் சொல்வது தமிழுக்குப் புதிதும் அல்ல. சோழர் கல்வெட்டுகள் அரசன் பெயரோடு ‘யாண்டு’ என்று எண் சொல்கின்றன. பீங்கான் குறியில் அந்த எண் இருப்பதில்லை, ஆட்சிப்பெயர் மட்டுமே. அதனால் ‘ஆட்சியாண்டு’ என்று மொழிபெயர்ப்பதும் பொருந்தாது.

ஏலப் பட்டியலில் ‘காங்சி காலம், செங்ஹுவா குறி’ என்று தெளிவாகத்தான் போடுகிறார்கள். மொழிபெயர்ப்பாளர் முதல் பாதியை விட்டுவிட்டு ‘செங்ஹுவா முத்திரை’ என்று எழுதினால் பாண்டத்தின் வயது ஏறத்தாழ 200 ஆண்டுகள் கூடிவிடும்.