குருவிக்குத் தொட்டி கட்டப் போய் முட்டி வெந்த கதை

கத்திரி வெயில் காலத்தில் தண்டையார்பேட்டையில் ஒரு தோல் கிளினிக் என்றால் வேர்க்குருவும் படர்தாமரையும்தான் வரிசையில் நிற்கும். போன வருடம் அந்த வரிசையில் ஒரு பெரியவர் வந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு முட்டியிலும் மஞ்சள் பற்று காய்ந்து கிடந்தது. "மொதல்ல சும்மா அரிச்சுது டாக்டரம்மா. இப்போ கறுத்துப் போச்சு" என்றார்.

பற்றைக் கழுவி எடுத்தேன். வலது முட்டியில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் சாம்பலும் கறுப்புமாக விறைத்திருந்தது. சுற்றிலும் சிவப்பு. ஊசி முனையால் நடுவில் தொட்டேன். தெரியவே இல்லை என்றார். ஓரத்தில் தொட்டதும் காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். தொட்டால் தெரியாத இடம்தான் எங்களுக்குக் கவலை. அங்கே அடித்தோல் வரைக்கும் வெந்து, நரம்பு நுனிகளும் போயிருக்கும்.

"எங்கய்யா சுட்டுக்கிட்டீங்க?"

"சுடவே இல்லியேம்மா. பேத்தி கேட்டாளேன்னு மாடியில குருவிக்கு ஒரு தொட்டி கட்டினேன். நடுவுல தண்ணி பீச்சுற மாதிரி. அவ்ளோதான்."

கட்டிய விதத்தை ஆசையாகச் சொன்னார். பெரிய பிளாஸ்டிக் பேசினின் உள்பக்கம் எண்ணெய் தடவி, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு எம்-சாண்ட் கலவை போட்டு, மேலே சின்ன பேசினை அழுத்தி வைத்தால் இரண்டுக்கும் நடுவில் தொட்டி வந்துவிடும். பம்ப்புக் குழாய்க்காக நடுவில் ஒரு பிவிசி பைப் துண்டு. நல்ல யோசனைதான். ஆனால் கலவையைத் தரையில் கொட்டி, கையாலேயே பிசைந்து, வெறும் விரலால் விளிம்பை வழித்திருக்கிறார். முட்டி வலிக்கிறதே என்று லுங்கியை மடித்து அடியில் மெத்தை மாதிரி வைத்து மண்டியிட்டிருக்கிறார். அதுதான் வினை. தரையில் ஓடிய சிமெண்ட் பாலை லுங்கி உறிஞ்சிக்கொண்டு, இரண்டு மணி நேரம் முட்டியோடு ஒட்டியே இருந்திருக்கிறது. கலவை கையில் ஒரு நிமிடம் பட்டுக் கழுவுவதற்கும், நனைந்த துணி இரண்டு மணி நேரம் தோலை அமுக்கிக்கொண்டு இருப்பதற்கும் நிறைய வித்தியாசம்.

சிமெண்டில் தண்ணீர் பட்டதும் சுண்ணாம்புக் காரம் உண்டாகிறது. புளிப்பா காரமா என்று காட்டும் பிஎச் அளவு அதில் 12-லிருந்து 13 வரை போகும். நம் தோலின் மேற்பரப்போ 5 பக்கம், லேசான புளிப்பு. அமிலம் பட்டால் சுரீர் என்று எரியும், உடனே கையை உதறுவோம். காரம் அப்படி இல்லை. தோலின் கொழுப்பைச் சோப்பாக மாற்றிக்கொண்டே மெதுவாக உள்ளே இறங்கும். வேலை செய்யும்போது கொஞ்சம் அரிப்பு, அவ்வளவுதான். குளித்துச் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் எரிச்சல் தொடங்கும். மறுநாள் காலையில் கறுப்பு. "வலி வந்தா நிறுத்திக்கலாம்" என்ற கணக்கு இங்கே செல்லாது. இப்போது வருவது அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்ட்தானே, அதில் காரம் இருக்காது என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். அத்திப்பட்டுச் சாம்பலைக் கலந்தாலும் ஈரக் கலவை காரம்தான்.

பட்டுவிட்டால் என்ன செய்வது? தூளாக இருந்தால் முதலில் தட்டிவிடுங்கள். நனைந்த துணி, செருப்பு, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். குழாயைத் திறந்துவிட்டு 20 நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். மாடித் தொட்டி காலியாகுமே என்று கஞ்சத்தனம் வேண்டாம். காரத்துக்குப் புளிப்பு சரி என்று எலுமிச்சை தேய்க்காதீர்கள். பேஸ்ட், மஞ்சள், இங்க் எதுவும் வேண்டாம். அவை காயத்தை மறைத்து, எவ்வளவு ஆழம் என்று எங்களுக்குத் தெரியாமல் செய்கின்றன. கண்ணில் தெறித்தால் அதே மாதிரி விடாமல் கழுவிவிட்டு நேராக எழும்பூர் கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து வாங்க மெடிக்கலில் நிற்க வேண்டாம்.

வேலை தொடங்கும் முன் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது கொத்தனார்களிடம் பார்த்த பழக்கம். தோல் வறண்டு வெடிப்பதைக் கொஞ்சம் குறைக்கலாம். காரத்தை அது தடுக்காது. துணிக் கையுறை இன்னும் மோசம், அந்த லுங்கியைப் போலவே நனைந்து ஒட்டிக்கொள்ளும். முழங்கை பக்கம் வரை வரும் கெட்டியான ரப்பர் கையுறை பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். காலுக்கு கம்பூட்ஸ், பேன்டின் கால் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் கலவை நேராகப் பாதத்துக்குப் போகும். முட்டிக்கு ஒரு பலகை, அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட்.

இதை எழுதும்போது வியாசர்பாடியிலிருந்து வரும் சித்தாள் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் இரண்டாம் நாளே வருவதில்லை. சிமெண்டில் இருக்கும் குரோமியம் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போய், விரலிடுக்கெல்லாம் வெடித்து நீர் கசிந்து, சோறு பிசைய முடியாத நிலைக்கு வந்த பிறகுதான் வருகிறார்கள். இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் போகாது. ஐரோப்பாவில் 2005-லிருந்து சிமெண்டில் அந்தக் குரோமியம் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கலவையை அள்ளிக் கொடுக்கும் கைக்கு ஒரு கையுறை வாங்கித் தராத மேஸ்திரிகளிடம் நான் சண்டை போட்டதுண்டு.

சரி, தொட்டிக்கு வருகிறேன். என் நோயாளியின் முட்டியை வேக வைத்த அதே சுண்ணாம்பு புதுத் தொட்டியின் தண்ணீரிலும் கசியும். ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு ஆறவிட்டு, அப்புறம் இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிரப்பிக் கொட்டிக்கொண்டே இருங்கள். மீன் தொட்டிக் கடையில் விற்கும் பிஎச் பட்டையை நனைத்துப் பாருங்கள்; குழாய்த் தண்ணீரின் நிறமே வந்தால் பறவைக்கு விடலாம். ஆழம் இரண்டு அங்குலம் போதும். பம்ப்புக்கு வரும் மின்சாரத்துக்கு 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். அது என் துறை இல்லை. பம்ப்பை அணைத்து வைத்தால் கொசு வரும். டெங்கு கொசு முட்டையைத் தொட்டியின் சுவரில்தான் ஒட்டும், ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும்.

பெரியவரைக் கீழ்ப்பாக்கம் தீக்காயப் பிரிவுக்கு அனுப்பினேன். வலது முட்டிக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். இடது முட்டி தானாகவே ஆறியது. ஆகஸ்ட் மாதம் காட்ட வந்தபோது போனில் தொட்டியின் படம் வைத்திருந்தார். குருவி வருகிறதா என்று கேட்டேன்.

"குருவி எங்கம்மா? காக்காதான். காசிமேட்டுலேர்ந்து மீன் முள்ளைக் கொண்டாந்து ஊற வெச்சுத் தின்னுது. நாறுதுன்னு பேத்தி தினம் கழுவ வைக்கிறா."